சுண்ணாம்பில் மறைந்த ஓவியம்

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சுவர் அழியின் சித்திரமும் அழியும் என்பது அதன் கருத்து. ஆயின், சுவர் உறுதியாக நிற்கவும், அதன்மேல் எழுதிய சித்திரம் மட்டும் மக்கள் கண்ணினின்று மறைக்கப்பட்டதும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்த வரலாறு அது.

அந்நாட்டிற்குத் தெற்கே உள்ளது மெக்சிகோ. அங்கு 1910-ஆம் ஆண்டில் பெரும்புரட்சி எழுந்தது. அதன்பின் நாட்டை ஆண்டோர், எழுத்தறியாத மக்களும் தம் வரலாற்றை உணர்தல் வேண்டும் என விரும்பினர். அதன்பொருட்டு, 1920-களில் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தனர். செல்வர் மாளிகையில் தொங்கும் படம் சிலர்க்கே உரியது; பொதுச்சுவரில் எழுதிய ஓவியமோ வழிச்செல்வோர் அனைவர்க்கும் உரியது. இக்கொள்கையை வளர்த்தவருள் ரிவேரா, ஓரோஸ்கோ, சிகெய்ரோஸ் ஆகிய மூவரும் தலைசிறந்தோர்.

இவருள் சிகெய்ரோஸ் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றார். அந்நகரின் ஓல்வேரா தெரு, மெக்சிகோ நாட்டுப் பாங்கில் அமைந்த கடைவீதியாகும். அங்கிருந்த கட்டடம் ஒன்றன் மேல்மாடிப் புறச்சுவரில், 'வெப்பமண்டல அமெரிக்கா' என்னும் பொருள்பற்றி ஓவியம் தீட்டுமாறு அவரை வேண்டினர். அச்சுவர்ப்பரப்பு 18 அடி உயரமும் ஏறத்தாழ 80 அடி நீளமும் உடையது.

சுவரோவியம் எழுதுவோர் சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டுதல் பழைய மரபு. சாந்து உலர, வண்ணமும் அதனோடு ஒன்றி இறுகும். சிகெய்ரோஸ் சுண்ணத்திற்கு மாறாகச் சிமெண்டைக் கையாண்டார். அது விரைவில் இறுகுமாதலால், காற்றின் விசையால் வண்ணத்தைத் தூவும் கருவியைத் துணைக்கொண்டார்.

கனிமரங்களும் வண்ணப் பறவைகளும் நிறைந்த இனிய காட்சியையே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால், திறப்புவிழாவிற்கு முந்திய இரவில் ஓவியர் நடுவிடத்தில் தம் கருத்தை எழுதி முடித்தார். பழங்குடி உழவன் ஒருவன் சிலுவையில் பிணிக்கப்பட்டுள்ளான். அவன் தலைக்குமேல் கழுகொன்று சிறகு விரித்து நிற்கின்றது. ஒருபுறம் துப்பாக்கி ஏந்திய இருவர் அதனைக் குறிபார்க்கின்றனர். வலியோர் எளியோரை ஒடுக்கும் கொடுமையை அவ்வோவியம் உரைத்தது. அதனைக் காணப் பொறாதவர், தெருவிலிருந்து தோன்றும் பகுதியை விரைவிலேயே சுண்ணாம்பு பூசி மறைத்தனர். சில ஆண்டுகளில் ஓவியம் முழுதும் மறைந்தது. நாட்டில் தங்கும் இசைவு நீட்டிக்கப்படாமையால் ஓவியரும் வெளியேறினார்.

காலம் சென்றது. வெயிலிலும் மழையிலும் சுண்ணாம்பு மெல்ல உதிர்ந்தது. 1960-களின் இறுதியில், மறைந்த உருவங்களின் கோடுகள் மங்கலாக வெளிப்பட்டன. கலையன்பர் பலர் அதனைக் காக்க முனைந்தனர். 1988 முதல் கெட்டி கலைப் பாதுகாப்பு நிறுவனம் நகராட்சியோடு கைகோத்து இப்பணியில் ஈடுபட்டது. 2012-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஓவியம் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது.

பழைய வண்ணங்களுட் பெரும்பகுதி அழிந்திருந்தது. எனினும் அறிஞர்கள் புதுவண்ணம் தீட்டவில்லை. தீட்டியிருப்பின் அது பிறர் ஓவியமாகிவிடும். சிகெய்ரோஸின் கைத்திறன் ஆகாது. ஆதலின், எஞ்சியதை எஞ்சியவாறே காத்து, வெயில் தாக்காமல் கூரையும் அமைத்தனர்.

பொதுச்சுவரில் ஓவியன் கூறும் கருத்து சிலர்க்கு உவப்பாகலாம்; சிலர்க்குக் கசப்பாகலாம். உடன்படாதோர் தம் மறுப்பை எடுத்துரைத்தல் தகும். ஓவியத்தை அழித்தல் தகாது. ஒரு வாளிச் சுண்ணாம்பால் மறைத்ததை மீட்க எண்பது ஆண்டுகள் ஆயின. தம் ஊர்ச் சுவர்களில் உள்ள ஓவியங்களைக் காணும் இளைஞர், இதனை நினைவிற்கொள்வாராக.