ஆப்ட் ஏன் மறுக்கிறது?

லினக்ஸில் மென்பொருள் ‘பேக்கேஜ்’ என்னும் பொதியாக வருகிறது. நிரலோடு ஒரு விவரக் குறிப்பும் அதற்குள் இருக்கும். நிரல் ஓட வேறு எந்தப் பொதிகள் தேவை, எந்தப் பதிப்பு முதல் தேவை என்பது அந்தக் குறிப்பில்தான் உள்ளது. இவையே சார்புகள். படம் திறப்பது, இணையத் தொடர்பை மறைகுறியாக்குவது போன்ற வேலைகளை ஒவ்வொரு நிரலும் தானே செய்துகொள்ளாமல் பொது லைப்ரரிகளிடம் விடுகிறது. வட்டில் இடம் மிச்சமாவது சிறிய லாபம்தான். லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டால் ஒரே இடத்தில் அடைத்துவிடலாம் என்பதே பெரிய லாபம்.

தமிழக மாணவர்கள் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில். அந்த மடிக்கணினியில் விண்டோஸுடன் இருந்த ‘பாஸ்’ என்னும் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து உருவாக்கியது.

டெபியன் வழிவந்தவற்றில் பொதிகளை நிறுவ இரண்டு கருவிகள் உண்டு. டிபிகேஜி, கொடுத்த பொதியை மட்டும் நிறுவும். ஆப்ட், சார்புகளையும் இணையத்திலுள்ள பொதிக் களஞ்சியத்திலிருந்து தேடி இறக்கும். விழுப்புரத்தில் ஒரு பொதியைப் பென்டிரைவில் ஏற்றி, இணையம் இல்லாத பனமலை கிராமத்து வீட்டுக் கணினியில் டிபிகேஜி கொண்டு நிறுவினால், சார்புகள் இல்லையென்று பாதியில் நின்றுவிடும். அவற்றையும் சேர்த்தே எடுத்துப்போக வேண்டும்.

பொதிகளுக்கிடையிலான முரண் வேறு வகைச் சிக்கல். எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டும் அஞ்சல் அனுப்பும் மென்பொருள்கள். டெபியனில் ஒன்றை நிறுவினால் மற்றது நீக்கப்படும். இது வேண்டுமென்றே எழுதிவைத்த விலக்கு. அதிகம் வாட்டுவது பதிப்புச் சிக்கல். டெபியன் வழிவந்த உபுண்டு 22.04, மறைகுறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3-ஆம் பதிப்புக்கு மாறியபோது பழைய 1.1 லைப்ரரி களஞ்சியத்தில் இல்லாமல் போனது; அதை நம்பியிருந்த வெளிப் பொதிகள் நிறுவ மறுத்தன. எங்கிருந்தோ பழைய லைப்ரரியை இறக்கிப் போட்டால் நிரல் ஓடும். ஆனால் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டதால், அதன் புதிய ஓட்டைகள் திறந்தே கிடக்கும்.

இத்தகைய சிக்கல்கள் பல, வெவ்வேறு வெளியீடுகளின் களஞ்சியங்களைக் கலப்பதால் வருகின்றன. எனவே பிழைச் செய்தியில் எந்தப் பொதி, எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்துப் பட்டியலைப் புதுப்பிக்கலாம்; பாதியில் நின்ற நிறுவலை ஆப்டின் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ பெரும்பாலும் சரிசெய்யும். நீக்கப்போகும் பொதிகளின் பட்டியலை ஆப்ட் காட்டும்போது, அதைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்தவே கூடாது. முழு டெஸ்க்டாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும். சார்புகளைப் பொருட்படுத்தாமல் நிறுவும் டிபிகேஜியின் ‘ஃபோர்ஸ்’ வழியும் வேண்டாம். களஞ்சியத்தில் இல்லாத புதிய பதிப்புதான் தேவையென்றால், தனக்கான லைப்ரரிகளைத் தனியே வைத்துக்கொள்ளும் ஃபிளாட்பேக் உண்டு. ஆனால் அது வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும்.