கையில் லாந்தர், எதிரில் பேய்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே துப்பாக்கி என்று ஆகிவிட்டது. எதிரே வருகிறவனைச் சுட வேண்டியது, மேலே போக வேண்டியது. 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' விளையாட்டில் இந்த வேலையெல்லாம் நடக்காது. கதாநாயகனிடம் ஒரு பேனாக்கத்திகூடக் கிடையாது.

ஸ்வீடன் நாட்டின் பிரிக்ஷனல் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இதை 2010 செப்டம்பரில் வெளியிட்டது. பெரிய கம்பெனி எதையும் நம்பாமல், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் சேர்ந்து செய்தது.

கதை 1839இல், பிரஷ்ய நாட்டுக் கோட்டை ஒன்றில் நடக்கிறது. லண்டன்வாசியான டேனியல் அங்கே தரையில் கண் விழிக்கிறான். பேரும் ஊரும் தவிர பெரிதாக ஒன்றும் நினைவில்லை. சற்றுத் தள்ளி ஒரு கடிதம் கிடக்கிறது. எழுதியவனும் அவனே! நினைவை அழிக்கும் மருந்தைத் தானாகவே குடித்ததாகவும், கோட்டையின் உள்ளே இருக்கும் அலெக்சாண்டரைக் கொல்லவேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

பிறகு ஒரே ஓட்டமும் ஒளிவும்தான். கோரமான உருவம் வருகிறதா? அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இருட்டில் அதிக நேரம் நின்றால் டேனியலுக்குப் புத்தி தடுமாறுகிறது, திரையே ஆடுகிறது. லாந்தரை ஏற்றினாலோ பேயின் கண்ணில் பட்டுவிடுவான். எண்ணெயும் தீர்ந்துகொண்டே வரும். பேயை உற்றுப் பார்த்தாலும் புத்தி கெடும். ஆக, தன்னைத் துரத்துவது எது என்றுகூட நன்றாகப் பார்க்க முடியாது. பயத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் நிறைந்த நிலவறைக் காட்சி ஒன்று போதும். அங்கே உருவமே கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீரில் 'சளப் சளப்' என்று காலடி மட்டும் நெருங்குகிறது. பெட்டிக்குப் பெட்டி தாவ வேண்டும். கீழே காலை வைத்தால் போச்சு!

குறை இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் அதே பேய்கள் வந்து வந்து பழகிவிடுகின்றன. கதையின் பெரும்பகுதி ஆங்கில நாட்குறிப்புத் தாள்களில் இருப்பதால், அவசரமாகப் புரட்டுகிறவருக்கு ஒன்றும் விளங்காது. பொறுமையாகப் படித்தால்தான், டேனியல் ஏன் மறக்க விரும்பினான் என்பது தெரிகிறது. பேயைவிட அதுதான் குலை நடுங்க வைக்கிறது. அந்தக் கோட்டையில் வதைபட்டவர்களுக்கு அவனும் பதில் சொல்லவேண்டியவன். மறந்துவிட்டதால் குற்றம் போய்விடுமா? ஆட்டத்தின் கடைசியில் மூன்று முடிவுகள் உண்டு. எது என்பது ஆடுகிறவர் கையில்.

சித்திரவதைக் கூச்சல்கள் கேட்பதால் குழந்தைகளுக்கு வேண்டாம். ஓர் அறையில் நாலு பேராகத் தங்கியிருப்பவர்கள் இயர்போன் மாட்டிக்கொண்டு ஆடலாம். ஆனால் ஆடுகிறவர் அலறினால் மற்ற மூவரும் எழுந்து உட்காருவார்கள். காலை ஷிப்ட் உள்ள நாளில் தவிர்ப்பது நல்லது.