குளியலறை ஈரமும் குடோன் சரக்கும்



சரக்கு கெட்டால் நாம் முதலில் கூரையைப் பார்க்கிறோம், பிறகு தரையைப் பார்க்கிறோம். இரண்டும் சரியாக இருந்தால் அனுப்பியவரைக் குறை சொல்கிறோம், அல்லது வாங்கியவரைக் குறை சொல்கிறோம். குளியலறையைப் பார்ப்பதில்லை. முன்னால் கடை, நடுவில் குடோன், பின்னால் வீடு என்று ஒரே கூரையின் கீழ் தொழில் செய்யும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில் குளியலறை எக்ஸாஸ்ட் பேன் வியாபாரத்தையும் தொடுகிற சாமான். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எங்கள் மண்டி. 2021 ஐப்பசி அடைமழையில் எங்களிடம் 4 மூட்டை மல்லி எடுத்துப்போன சில்லறைக் கடைக்காரர் மறுநாளே திரும்பி வந்தார். "அண்ணாச்சி, மூட்டையை அவிழ்த்ததுமே பூசண வாடை அடிக்குது" என்றார். "மழை நேரத்துல வெறுந்தரையில போட்டிருப்பீங்க தம்பி. அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பத்து வருட வாடிக்கை. பேசாமல் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனவர், பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் பொங்கல் பானை எடுக்கக் குளியலறைப் பரணைத் திறந்தோம். உள்ளே சுவரெல்லாம் நீர் முத்து. புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் பேன், வெந்நீர் ஆவியை வெளியே தள்ளாமல் பரணுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. பரணின் பின்புறம் வெறும் பலகைத் தடுப்பு. அதற்கு அப்பால்தான் மல்லி மூட்டைகள்! சுவரை உடைத்து வெளியே வழி எடுக்கச் சோம்பி மாட்டியவர் செய்த வேலை அது. விசிறி சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்து, காற்று எங்கே போகிறது என்று பாராமல் கூலி கொடுத்தது எங்கள் தவறு.

ஈரம் தானாக மறைவதில்லை. ஆவி குளிர்ந்த சுவரில் பட்டால் நீராகிறது. மல்லி, சர்க்கரை, வெல்லம், உப்பு எல்லாம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சரக்குகள். ஆகவே ஈரக் காற்றைத் திறந்த வெளிக்கே அனுப்ப வேண்டும்.

வாங்கும்போது:

குளியலறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 8 அடிக்கு 5 அடி, உயரம் 9 அடி என்றால் 360 கன அடி. அதாவது சுமார் 10 கன மீட்டர். அறைக் காற்று மணிக்கு 10 தடவை மாறினால் போதும் என்று வைத்தால் மணிக்கு 100 கன மீட்டர் தள்ளும் விசிறி வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவு தடையில்லாத இடத்தில் எடுத்தது. வலை, மூடி, குழாய் எல்லாம் சேர்ந்தால் குறையும். எனவே ஏறக்குறைய இரட்டிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இப்படிப்பட்ட அறைக்குப் பொதுவாக 6 அங்குல விசிறியே போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும், நின்றதும் தானே மூடிக்கொள்ளும் இதழ் உள்ளதாகவும் இருக்கட்டும்.

மாட்டும்போது:

கதவுக்கு எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி உயரத்தில் வையுங்கள். உள்ளே காற்று வந்தால்தான் வெளியே போகும். அதற்குக் கதவின் அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். விசிறிக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் ஜன்னல் காற்றையே இழுத்துத் தள்ளும், ஆவி அறையிலேயே நிற்கும்.

குழாய் வைத்தால் குறுகலாக்காமல், விசிறி அளவிலேயே, வளைவில்லாமல், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வையுங்கள். தேங்கும் நீர் வெளியே சொட்டும். நீண்ட குழாய்க்குச் சாதாரண விசிறி ஆகாது; அதற்கென்று செய்த குழாய் விசிறி வேண்டும். வெளி வாயில் எலி, புறா புகாதபடி வலை அவசியம்.

சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். எர்த் இணைப்பும், மின்கசிவு கண்டால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஈரமான இடத்தில் எந்த மின்சாமானும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் நம் கடை ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்துப் பாருங்கள். புகை விசிறிக்குள் போக வேண்டும். ஒருவர் வெளியே நின்று அங்கே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் பார்த்த பிறகு கூலி கொடுங்கள்.

பராமரிப்பு:

குளித்து முடித்த பின்னும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். 40 வாட் விசிறி தினம் 2 மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 2.4 யூனிட்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, இறக்கைகளையும் வலையையும் சோப்புத் துணியால் துடையுங்கள். மோட்டார் மீது தண்ணீர் ஊற்றக்கூடாது. உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், அல்லது அழுக்கில் சிக்கியிருக்கும். உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விட்டால் மோட்டார் கருகும்.

உயிர் சம்பந்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளியலறைக்குள் காஸ் கெய்சர் வைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பேன் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். காற்று வர வழியில்லாத அறையில் அந்த விசிறியே கெய்சரின் எரிந்த வாயுவை அறைக்குள் இழுத்துவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. குளிப்பவர் உணருமுன் மயங்கி விழுவார். கெய்சரைத் திறந்த வெளிச் சுவரில் வைத்து, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள்.

தை பிறந்ததும் எங்கள் விசிறியை முற்றத்துச் சுவருக்கு மாற்றினோம். அதே வாரம் அந்தக் கடைக்காரரைத் தேடிப் போய், நடந்ததைச் சொல்லி, 4 மூட்டைப் பணத்தையும் கையில் கொடுத்தோம். "விடுங்க அண்ணாச்சி" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார், வாங்கத்தான் வேண்டும். இப்போது மறுபடி எங்களிடம் சரக்கு எடுக்கிறார். ஒவ்வொரு மூட்டையையும் எங்கள் கண்ணெதிரே அவிழ்த்து முகர்ந்து பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுகிறார். எங்களுக்கு வருத்தமில்லை. சுவரில் ஒரு துளை போடாத சிக்கனத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அது.