உங்கள் மனை எந்த ஏரியின் வழியில் இருக்கிறது?

தென்சென்னைப் புறநகரில் மனையோ அடுக்குமாடி வீடோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? பள்ளிக்கூடம், பஸ், குடிதண்ணீர் எல்லாம் விசாரித்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்றும் விசாரித்தீர்களா?

'இந்தப் பக்கம் ஆறே இல்லையே' என்பீர்கள். அடையாறு வடக்கே விலகித்தான் ஓடுகிறது. ஆனால் இங்கே தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கி வரும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) வழியாக நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும் போகும். இப்படிப் பல ஏரிகளின் மிச்சம் கடைசியில் சேருமிடம் பள்ளிக்கரணைக் கழுவெளி (சதுப்பு நிலம்). ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை அதற்கு வந்துசேர்கிறது.

அங்கிருந்து? ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. பிறகு தெற்கே திரும்பி முட்டுக்காட்டில் கடலுக்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கத்தில் ஏன் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது? மழை மிக அதிகம் என்பது ஒரு காரணம். தரையில் சரிவு குறைவு, வெளியேறும் வாய் குறுகல், கடல் பொங்கும் நேரத்தில் அந்த வாயும் அடைபடும் என்பவை மற்றவை. வெள்ளத்தைத் தாங்கி நிறுத்தி மெதுவாக விடவேண்டிய கழுவெளியிலேயே குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், கட்டடம் கட்டினோம். 2022-இல் அதற்கு ராம்சர் தகுதி (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது. இழந்த பரப்பு அதனால் திரும்பிவிடாது.

'என்னுடையது பட்டா நிலம், எனக்கென்ன?' பட்டா உரிமையைத்தான் சொல்லும், மேடு பள்ளத்தைச் சொல்லாது. ஏரிக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு வயல்கள் (ஏரிப் பாசன நிலங்கள்) பல இன்று முறையான மனைகள். தண்ணீர் தானாகப் பாயட்டும் என்றுதானே அந்த வயல்கள் தாழ்வாக இருந்தன?

'மண் கொட்டி உயர்த்திக்கொள்கிறேன்.' உங்கள் வாசல் தப்பலாம், தெரு தப்பாது. நீங்கள் தள்ளிவிட்ட தண்ணீர் பக்கத்து வீட்டில் ஏறும். அவரும் உயர்த்துவார், இந்தப் போட்டிக்கு முடிவே கிடையாது.

'நான் வாங்குவது மூன்றாம் மாடி.' தரைக்கடியில் இருக்கும் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) உங்களுக்கும் பொதுதான். அதில் சாக்கடை கலந்தால் குழாயில் அதுவே வரும். மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், லிஃப்ட் ஓடாது, கீழே நிறுத்திய வண்டி மூழ்கும். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதை இன்னொரு முறை யோசியுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது? தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புலப்படமும் (மனையின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலத்தின் வகை சொல்லும் பதிவேடு) கிடைக்கும். உங்கள் எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது பதிவாகியிருந்தால் நேரில் போய்த் தேடுங்கள். காகிதத்தில் வாய்க்கால் இருந்து தரையில் காணோமென்றால் யாரோ தூர்த்துவிட்டார்கள் என்று பொருள். மழைக்கு அது தெரியாது, பழைய தடத்திலேயே வரும்.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தரகரைக் கேட்காதீர்கள். மளிகைக்கடைக்காரரைக் கேளுங்கள், சுவரைத் தொட்டே காட்டுவார். அட்வான்ஸ் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.