வலையில் வீழ்ந்த மீன் எந்த ஆற்றுக்குரியது?

கடலில் பிடிபடும் மீனுக்கு முகவரி கிடையாது. ஒரே வலையில் அகப்படும் ஒரே இன மீன்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள வெவ்வேறு இடங்களிற் பிறந்தவையாக இருக்கலாம். அவற்றுள் ஒரு பிரிவு பெருகியும் இன்னொரு பிரிவு அழிவின் விளிம்பிலும் இருக்கலாம். வலைக்கு இவ்வேறுபாடு தெரியாது. இத்தகைய மீன்பிடியையே கலப்புத் தொகுதி மீன்பிடி என்கின்றனர்.

இப்பிரச்சினையை மிக நீண்டகாலமாக எதிர்கொண்டுவருவது வட பசுபிக்கின் சமன் மீன்பிடியாகும். (எமது கடைகளில் 'செமன்' என்ற பெயரில் ரின்னில் அடைத்து விற்கப்படுவது பெரும்பாலும் வேறு மீனாகும்.) சமன் ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றது. இதனால் ஒவ்வோர் ஆற்றின் மீனும் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே இனம்பெருக்கி, பரம்பரையலகுகளில் ஏனையவற்றிலிருந்து சிறிது வேறுபட்டு நிற்கின்றது. ஆனால் கடலிலே எல்லா ஆற்று மீன்களும் கலந்து திரிகின்றன.

கனடாவின் பிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சொக்கை வகைச் சமன், அமெரிக்கக் கடற்பரப்பின் ஊடாகவும் வருவதால் இரு நாட்டவரும் அதனைப் பிடிக்கின்றனர். 1985 ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்துகொண்ட பசுபிக் சமன் உடன்படிக்கை, தனது நீர்நிலைகளில் உற்பத்தியாகும் மீனுக்கு ஈடான பயன் அந்தந்த நாட்டுக்குக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. அவ்வாறாயின் பிடிபட்ட மீன் எங்கு பிறந்தது என்பதை எவ்வாறு அறிவது? முன்னர் செதில்களின் வளர்ச்சி வளையங்களைக் கொண்டு கணித்தனர். 1980 களில் புரத வேறுபாடுகள் உதவின. 2000 களிலிருந்து டி.என்.ஏ. பரிசோதனையே முதன்மை பெற்றுள்ளது.

இதன் அடிப்படை எளிமையானது. முதலில் ஒவ்வோர் ஆற்றிலும் முட்டையிட வந்த மீன்களின் திசுவைச் சேகரித்து, குறித்த பரம்பரையலகு வடிவங்கள் எத்தனை வீதம் காணப்படுகின்றன எனப் பதிவுசெய்கின்றனர். ஒரு வடிவம் முதலாவது ஆற்றின் மீன்களில் 80 வீதமும் இரண்டாவது ஆற்றின் மீன்களில் 20 வீதமும் இருப்பதாகக் கொள்வோம். கடலிற் பிடிபட்ட கலவையில் அது 35 வீதமாயின், அதில் நான்கிலொரு பங்கு முதலாவது ஆற்றுக்குரியது. உண்மையில் ஒரு வடிவம் போதாது. பல இடங்களை ஒருசேர நோக்கிக் கணினி மூலம் கணிக்கின்றனர். துடுப்பிலிருந்து வெட்டியெடுக்கும் சிறு துண்டு போதுமானது. பரீட்சார்த்தப் படகுகள் பிடித்தனுப்பும் மீன்களின் முடிவு ஓரிரு நாள்களில் கிடைத்துவிடுவதால், பருவகாலம் நடந்துகொண்டிருக்கும்போதே மீன்பிடியைத் திறக்கவோ மூடவோ முடிகின்றது.

எனினும் இம்முறைக்கு எல்லையுண்டு. பதிவேட்டில் இல்லாத ஆற்றின் மீன், பதிவிலுள்ள ஏதோவொன்றின் கணக்கிலேயே சேர்ந்துவிடும். கலவையில் மிகச் சிறுபான்மையாக இருக்கும் தொகுதியின் பங்கைத் துல்லியமாகக் கூறுவதும் கடினம். துரதிர்ஷ்டவசமாக, பாதுகாப்பு அதிகம் தேவைப்படுவது அத்தொகுதிக்குத்தான்.

பிரேசர் வடிநிலத்தின் கல்ட்டஸ் ஏரிச் சமன் இதற்கு உதாரணம். 2002 இல் கனடாவின் நிபுணர் குழு இதனை அழியும் ஆபத்திலுள்ளதாக மதிப்பிட்டது. ஆனால் இது ஏராளமாக வரும் ஏனைய தொகுதிகளுடன் சேர்ந்தே கடலிற் பயணிப்பதால், இதனைக் காப்பதற்கு அவற்றின் மீன்பிடியையும் கட்டுப்படுத்த வேண்டும். மீன்பிடித்துறைக்கு ஏற்படும் நட்டத்தைக் காரணங்காட்டி, 2005 இல் கனேடிய அரசு இத்தொகுதியைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்க்க மறுத்தது. மீன் யாருடையது என்பதை ஆய்வுகூடம் கூறியது. நட்டத்தை யார் சுமப்பது என்ற வினாவோ அரசியல்வாதிகளிடமே விடப்பட்டது. அவர்கள் கடற்றொழிலாளரின் பக்கமே சாய்ந்தனர். அதனை முற்றிலும் தவறென்று கூறிவிடவும் முடியாது. கரையில் வாழ்பவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?

இது தொலைதூரத்து விவகாரம் மாத்திரமன்று. வாழைச்சேனை, திருகோணமலை, பேருவளை ஆகிய இடங்களிலிருந்து பலநாட் கலங்கள் தேடிச்செல்லும் மஞ்சட்துடுப்புச் சூரையை, இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு முழுச் சமுத்திரத்துக்குமான ஒரே தொகுதியாகக் கருதியே கணக்கிடுகின்றது. இம்மீன் மிகையாகப் பிடிக்கப்பட்டுள்ளதாக 2015 இல் மதிப்பிடப்பட்டதைத் தொடர்ந்து, 2016 இல் பிடிப்புக் குறைப்புத் திட்டமொன்று கொண்டுவரப்பட்டது. இலங்கையைச் சூழவுள்ள கடலில் இம்மீனின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து 2008 இல் வெளியான ஆய்வொன்றோ, குறுகிய தூர இடைவெளியிலும் வேறுபாடுகள் காணப்படுவதைச் சுட்டிக்காட்டியது.

சமனைப் போன்று சூரைக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஆறு இல்லை. ஆதலால் அதன் பிறப்பிடத்தைப் பிரித்தறிவது மிகக் கடினம். ஆயினும் உள்ளவை பல தொகுதிகளாயின், முழுச் சமுத்திரத்துக்குமான சராசரிக் கணக்கில் நலமாகத் தோன்றும் மீன், எமது கடலில் மட்டும் குறைந்துபோகக் கூடும். அல்லது எங்கோ ஒரு மூலையில் பெருங்கப்பல்கள் செய்த மிகைப்பிடிப்புக்கான குறைப்பை, எமது சிறு கலங்களும் ஏற்க நேரிடலாம். துறைமுகங்களில் இறக்கப்படும் மீன்களிலிருந்து திசு மாதிரிகளை ஆண்டுதோறும் சேகரித்து வைப்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. ஒதுக்கீடு பற்றிய அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்கு இலங்கைப் பிரதிநிதிகள் செல்லும்போது, அம்மாதிரிகளின் முடிவுகள் அவர்களது கையில் இருத்தல் வேண்டும்.