ஒன்பதாம் வகுப்பில் சரியும் மதிப்பெண்: காரணங்களும் தீர்வுகளும்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைக்குமானது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு நெருக்கடி தொடங்குவதோ ஒன்பதாம் வகுப்பில். பாடம் கடினமாகும் நேரத்தில் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

கீழ் வகுப்புகளில் விட்டுப்போன பாடமே சரிவின் முதல் காரணம். பின்னக் கணக்கு பிடிபடாமல் வந்த மாணவருக்கு இயற்கணிதம் புரியாது. மனப்பாடம் சில மாதங்கள் அதை மூடிமறைக்கும், அவ்வளவுதான்.

உடல்நலக் காரணங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளி வயதில்தான் தலைகாட்டும். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பிள்ளைகள் தாமாகச் சொல்வது அரிது. வளரிளம் பெண்களின் சோர்வுக்கும் கவனக் குறைவுக்கும் இரத்தசோகை காரணமாக இருக்கலாம். எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் கற்றல் குறைபாட்டைச் சோம்பல் என்று திட்டித் தீர்ப்பதே இன்றும் வழக்கமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இதை ஒரு குறைபாடாக ஏற்றுள்ளது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தேர்வுக்கு வெகுமுன்பே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளின் நிலை சிக்கலானது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயதுள்ளோரை வெடிபொருள், சுரங்கம் போன்ற ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதை மட்டுமே தடுக்கிறது. ஜவுளிக் கடையில் மாலை முழுதும் நிற்பதை இந்தத் தடை தொடாது. படிக்கும் நேரம் மட்டும் பறிபோகும். 18 நிரம்பாத பெண்ணுக்குத் திருமணப் பேச்சு எழுந்தாலோ, ஆபத்தான வேலையில் சிறுவர் அமர்த்தப்பட்டாலோ, பள்ளியில் அடி விழுந்தாலோ 1098-ஐ அழைக்கலாம். பள்ளிக்கல்வி தொடர்பான ஐயங்களுக்கு 14417.

பொதுத்தேர்வில் தவறியவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. துணைத்தேர்வு அதே ஆண்டில் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகல் பெற்று மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம்.

மதிப்பெண் ஏறும் என்று நம்பி ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் ஒன்றைக் கணக்கில் கொள்வது நல்லது. மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. இடையில் வெளியேறியவர் அந்தத் தகுதியை இழக்கிறார்.