பலெர்மோ டூ கத்தானியா: 200 கிலோமீட்டரில் இத்தனை அதிசயமா? தெரியுமா?

மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு எது தெரியுமா? இத்தாலியின் சிசிலி! அதன் வடமேற்கில் பலெர்மோ, கிழக்குக் கரையில் கத்தானியா. தீவின் இரண்டு பெரிய நகரங்கள் இவைதான். நடுவே சுமார் 200 கிலோமீட்டர். கார் எடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஏ19 என்ற அந்த நெடுஞ்சாலையில் ஒரு டோல்கேட்கூடக் கிடையாது!

பெரும்பாலான பயணிகள் பலெர்மோவில் ஏறி, கண்ணயர்ந்து, கத்தானியாவில் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துபோனது என்னவெல்லாம் என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள்.

ஜெர்மானிய மகாகவி கதே இதே இரு நகரங்களுக்கும் நடுவே பயணம் செய்திருக்கிறார், தெரியுமா? 1787 ஏப்ரலில் பலெர்மோவை விட்டுக் கிளம்பியவர், தெற்குக் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீவின் நடுப்பகுதி வழியாகக் கத்தானியா போய்ச் சேர்ந்தபோது மே மாதம் பிறந்திருந்தது. இன்றைக்கு இரண்டரை மணி நேரம். அன்றைக்கு இரண்டு வாரம்! ஆனால் கதே பார்த்தார். முடிவே இல்லாமல் விரிந்த கோதுமை வயல்களை, மழையில் குழைந்த களிமண் பாதைகளை, மலையுச்சி ஊர்களை எல்லாம் பார்த்து எழுதிவைத்தார். ரோமுக்குத் தானியக் களஞ்சியமாக இருந்த மண் இது. ரோமானியர்கள் இத்தாலிய நிலப்பரப்புக்கு வெளியே பிடித்த முதல் மாகாணமும் சிசிலிதான்!

விமானத்தில் வந்து இறங்குபவர்களுக்குக் கதை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் வழியில், கபாச்சி என்ற ஊருக்கு அருகே, சாலையின் இருபுறமும் செந்நிறத் தூண்கள் நிற்கும். 1992 மே 23 அன்று மாஃபியா அந்தச் சாலைக்கு அடியில் வெடிமருந்தைப் புதைத்துவைத்து நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயைக் கொன்றது. அவர் மனைவி பிரான்செஸ்கா மோர்வில்லோவும் பாதுகாப்புக் காவலர்கள் மூவரும் உயிரிழந்தார்கள். அன்று காரைத் தம் கையால் ஓட்டிவந்தவர் ஃபால்கோனேதான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். 57 நாளில் அவருடைய சகா பாவ்லோ போர்செல்லினோவும் கொல்லப்பட்டார். இருவர் பெயரையும்தான் இன்று அந்த விமான நிலையம் தாங்கி நிற்கிறது. குண்டை வெடிக்க வைத்த குன்றின்மேல் இருக்கும் சின்னக் கட்டடத்தின் சுவரில் 'நோ மாஃபியா' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஓடும் காரிலிருந்தே தெரியும். அந்த இடத்தில் ஓட்டுநரைச் சற்று மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

பலெர்மோவைத் தாண்டியதும் இடதுபக்கம் கடல் கூடவே வரும். அரை மணி நேரத்தில் த்ராபியா என்ற சிற்றூர். சும்மா கடந்துவிடாதீர்கள்! சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி, 1154-இல் முடித்த தம் நூலில் இந்த ஊரைக் குறிப்பிடுகிறார். எதற்காகத் தெரியுமா? இங்கே கோதுமை மாவில், நம் சேமியா போல, நூல் நூலாக ஓர் உணவு செய்து கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று! மார்க்கோ போலோ பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னாலேயே! சீனாவிலிருந்து அவர்தான் பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று இன்னும் யாராவது சொன்னால், த்ராபியாவைச் சொல்லி மறுத்துவிடலாம்.

அடுத்து வருவது தெர்மினி இமெரேசே. ஃபியட் நிறுவனம் 1970-இல் இங்கே கார் தொழிற்சாலை திறந்தது, 2011-இல் மூடியது. சிசிலியின் கார் கதை அதற்கும் வெகு காலம் முன்னால், மலைமேல் தொடங்கியது.

வலப்பக்கம் மதோனியே மலைகள் எழும்பும் இந்த இடத்தில்தான், உலகின் மிகப் பழைய கார் பந்தயங்களில் ஒன்றான டார்கா ஃப்ளோரியோ நடந்தது. பலெர்மோ செல்வந்தர் வின்சென்சோ ஃப்ளோரியோ 1906-இல் தொடங்கிவைத்தார். தனி ஓடுதளம் எதுவும் கிடையாது! ஊருக்குள்ளே, வீட்டு வாசலை உரசிக்கொண்டு, ஆட்டு மந்தைகள் போகும் மலைப்பாதையிலேயே பந்தயம். முதல் வருஷம் ஜெயித்த அலெஸ்ஸாந்த்ரோ கான்யோவுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்கூட இல்லை. 1970-இல் லியோ கின்னுனன் என்ற ஃபின்லாந்துக்காரர் அதே மலையில், நூற்றுக்கணக்கான வளைவுகள் கொண்ட 72 கிலோமீட்டர் சுற்றை எத்தனை நேரத்தில் முடித்தார் தெரியுமா? 33 நிமிடம் 36 விநாடி! கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்குச் சுமார் 128 கிலோமீட்டர். இன்று பக்கத்து நெடுஞ்சாலையிலேயே பல இடங்களில் அந்த வேகத்துக்கு அனுமதி இல்லை!

போர்ஷே காரில் 'டார்கா' என்றொரு வகை உண்டே, அந்தப் பெயர் இந்தப் பந்தயத்திலிருந்து வந்ததுதான். இந்தப் பந்தயத்தில் மூன்று முறை ஜெயித்த நீனோ வக்காரெல்லா யார் தெரியுமா? பலெர்மோவில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்! வாரநாளில் வகுப்பறை, பந்தய நாளில் ஃபெராரி. மலை ஊர்களின் சுவரெல்லாம் அவருக்கு வாழ்த்து எழுதிவைத்தார்கள். சாலையோரம் நின்ற மக்களுக்கு நேர்ந்த ஆபத்தே பந்தயத்துக்கு முடிவு கட்டியது. 1973-க்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப் தகுதி போயிற்று. 1977-இல் வேகப் பந்தயமே நின்றது. நிறுத்தியது சரிதான் என்று சொல்வேன். செர்தா ஊருக்கு அருகே பழைய பார்வையாளர் மேடையும் பந்தயக் கார்கள் நின்ற கொட்டகைகளும் இன்னமும் இருக்கின்றன. நெடுஞ்சாலையிலிருந்து சின்ன விலகல்தான். அவசியம் பாருங்கள்.

இதே மலைகளில் கஸ்தெல்புவோனோ என்று ஓர் ஊர். அங்கே குப்பை அள்ளக் கழுதைகள் வீடு வீடாக வருகின்றன, தெரியுமா? 2007-லிருந்து இந்த ஏற்பாடு! லாரி நுழைய முடியாத சந்துக்குள் கழுதை நுழைந்துவிடுகிறது. உலகில் வேறெங்கும் தானாக முளைக்காத ஒரு ஃபிர் மரவகையும் இந்த மலைகளில் இருக்கிறது. காட்டில் எஞ்சியிருக்கும் வளர்ந்த மரங்கள் சுமார் முப்பதுதான்.

இனி சாலை கடலை விட்டுவிட்டுத் தெற்கே திரும்பி, இமெரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறுகிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த கிரேக்க நகரம் ஹிமெரா. கி.மு. 480-இல் கார்த்தேஜ் படையைக் கிரேக்கர்கள் முறியடித்த களம். ரயில் பாதைக்காகத் தோண்டியபோது, வரிசையாகக் கிடத்திப் புதைத்த போர்வீரர்களின் எலும்புக்கூடுகள் வெளியே வந்தன! மரபணுவைச் சோதித்தால், பலர் கிரேக்கர்களே இல்லை. வெகு தொலைவிலிருந்து வந்த கூலிப்படையினர்.

இமெரா என்ற பெயரில் ஆறுகள் இரண்டு உண்டு. ஒன்று வடக்குக் கடலுக்கும், மற்றது தெற்குக் கடலுக்கும் ஓடுகிறது. ஒரே ஆறுதான் நடுவில் பிரிந்து இரண்டு திசையிலும் ஓடுகிறது என்று பழங்காலத்தார் நம்பினார்கள். ஒரு கிளை இனிக்கும், உப்பு வெட்டியெடுக்கும் நிலத்தில் ஓடும் மறுகிளை கரிக்கும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். ஒரே ஆறு என்பது தவறு. கரிக்கும் என்பது உண்மை! தெற்கு இமெரா நிஜமாகவே உப்பாறுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் மண் முழுக்கக் களிமண். மழை பெய்தால் நகரும். அதனால்தான் ஏ19 சாலை மைல் கணக்கில் தூண்களின்மேலேயே போகிறது. 2015 ஏப்ரல் 10 அன்று அந்த மண் தன் வேலையைக் காட்டியது. நிலச்சரிவு இமெரா பாலத்தின் தூண்களைத் தள்ள, பாலம் சாய்ந்தது. நெடுஞ்சாலையை மூடினார்கள், தீவே இரண்டாகப் பிளந்தது போலாயிற்று! கார்கள் மலைக் கிராமங்களுக்குள் வளைந்து வளைந்து போக வேண்டியதாயிற்று. அப்போது ஐந்து நட்சத்திர இயக்கம் என்ற கட்சியின் சிசிலி சட்டமன்ற உறுப்பினர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்த பணத்தைப் போட்டு, கல்தவுத்தூரோ ஊர் வழியாக இருந்த ஒரு பழைய பாதையைச் சீரமைத்துக் கார் போகும் சாலையாக்கினார்கள்! சில மாதங்களில் அந்தச் சாலை தயார். புதிய பாலத்தைத் திறக்கவோ 2020 ஜூலை வரை ஆயிற்று.

பாதி வழியில், நெடுஞ்சாலைக்கு மேலே செங்குத்தான பாறையின் தலையில் ஒரு நகரம் தெரியும். அதுதான் என்னா! கடல்மட்டத்திலிருந்து 931 மீட்டர்; இத்தாலியின் மாகாணத் தலைநகரங்களிலேயே உயரமானது. குளிர்காலத்தில் பனி விழும். மத்தியதரைக் கடல் தீவில் பனிச்சாலை! கி.மு. 135-இல் யூனஸ் என்ற சிரியா நாட்டு அடிமை, சக அடிமைகளைத் திரட்டி இந்தக் கோட்டை நகரைக் கைப்பற்றினான். ரோமக் குடியரசை உலுக்கிய முதல் அடிமைப் போர் அது. ஸ்பார்ட்டகஸ் நடத்திய அடிமைக் கலகத்துக்கு அறுபது வருஷம் மூத்தது!

என்னாவுக்குக் கீழே பெர்கூசா ஏரி. கிரேக்கப் புராணத்தில் பாதாள மன்னன் தேரில் வந்து பெர்செபோனேயைத் தூக்கிச் சென்ற கரை இதுதான் என்பார்கள். இன்று அதே கரையைச் சுற்றி என்ன இருக்கிறது தெரியுமா? கார் பந்தய ஓடுதளம்! 1960-களில் ஃபார்முலா ஒன் கார்களே இங்கே சீறியிருக்கின்றன. 2024 கோடை வறட்சியிலோ ஏரி ஏறக்குறைய வற்றிப்போனது. பந்தயத்தைவிட ஏரியின் உயிர்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் பியாட்சா அர்மெரீனா. காரில் போகிறவர்களுக்கே எளிதில் வாய்க்கும் பெரும் பேறு! அங்கே நான்காம் நூற்றாண்டு ரோமானிய மாளிகை ஒன்றின் தரை முழுக்க மொசைக், சுமார் 3,500 சதுர மீட்டர்! மண்சரிவு மூடியதால் பல நூற்றாண்டு பத்திரமாக இருந்தது. ஓர் அறையில் ஈருடை அணிந்த இளம்பெண்கள் ஓடுகிறார்கள், வட்டெறிகிறார்கள், பந்தாடுகிறார்கள். வென்றவள் கிரீடம் சூடுகிறாள். நீச்சலுடை என்று உலகம் நினைத்தது விளையாட்டு உடை! வேறொரு நீண்ட தாழ்வாரத்தில் யானை, புலி எல்லாம் பிடித்துக் கப்பலேற்றும் காட்சி. அதன் கோடியில் கையில் தந்தத்தோடு ஒரு பெண். பக்கத்தில் யானையும் புலியும். அவள் நம் இந்தியாவின் உருவம் என்று அறிஞர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள்!

என்னாவைச் சுற்றிய குன்றுகளுக்கு அடியில் கந்தகம். 19-ஆம் நூற்றாண்டில் உலகத் தேவையின் பெரும்பகுதியை சிசிலிதான் கொடுத்தது. அதைச் சுமந்து மேலே ஏறியவர்கள் யார் தெரியுமா? ஏழெட்டு வயதுச் சிறுவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வருஷக் கணக்கில் இருட்டுச் சுரங்கத்தில் கிடந்தார்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் வாஷிங்டன் 1910-இல் சிசிலிக்கு வந்து, கண்டதை நெஞ்சு பதற எழுதினார். ஃப்ளோரிஸ்தெல்லாவில் பழைய சுரங்கம் இன்று பூங்காவாக இருக்கிறது. அழகான இடங்களை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

மலை இறங்கினால் கத்தானியா சமவெளி, ஆரஞ்சுத் தோட்டங்கள். உரித்தால் உள்ளே இரத்தச் சிவப்பு! பகலில் வெயில், இரவில் எட்னா எரிமலைப் பக்கத்துக் குளிர். அந்தக் குளிர்தான் பழத்துக்குள் செந்நிறத்தை மூட்டுகிறது. கோடையிலோ நேர்மாறு. இங்கிருந்து தெற்கே, சிரக்கூசா அருகில், 2021 ஆகஸ்ட் 11-இல் பதிவான 48.8 டிகிரி செல்சியஸ்தான் ஐரோப்பாவின் உச்ச வெப்பநிலை.

எதிரே எட்னா! 3,300 மீட்டரைத் தாண்டிய உயரம், ஐரோப்பாவின் உயரமான உயிருள்ள எரிமலை. அது சாம்பலைக் கக்கினால் கத்தானியாவில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. கார்கள் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. கறுப்புச் சாம்பலில் டயர் வழுக்கும் என்பதால்தான். நகரின் நடுச் சதுக்கத்தில் எரிமலைக் கல்லில் செய்த கறுப்பு யானை நிற்கிறது. யானைக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? சிசிலியில் ஒரு காலத்தில் யானைகள் வாழ்ந்தன, ஒரு மீட்டர் உயரத்தில்! தீவு வாழ்க்கை அவற்றைக் குள்ளமாக்கியது. அவற்றின் மண்டையோட்டு நடுவே தும்பிக்கைக்கான பெரிய துளையைப் பார்த்துத்தான் ஒற்றைக்கண் அரக்கன் கதை பிறந்திருக்கும் என்றொரு கருத்தும் உண்டு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நீங்களே ஓட்டுவதானால் நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வண்டி வலப்புறம் போக வேண்டும். பலெர்மோவின் பழைய நகருக்குள் கட்டுப்பாட்டு வட்டாரம் உண்டு, அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா பிடித்து அபராதம் வீடு தேடி வரும். ஓட்டுநரோடு தனிக் கார் எடுத்தால் முன்பதிவு செய்யும்போதே பியாட்சா அர்மெரீனாவில் நிறுத்த வேண்டும் என்று பேசிவிடுங்கள். ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். ஓட்டுநருக்குப் பின்னால், இடது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். முதலில் கடலும் கடைசியில் எட்னாவும் அந்தப் பக்கம்தான்.